மூன்றாவது தரை

மரண வீட்டில் எல்லோரும் தலைகுனிந்துதான் நிற்பார்கள். ஜெயச்சந்திரனும் அப்படித்தான் நிற்பான். ஆனால் அவன் பார்ப்பது தரையை. குளத்தூரில் ஒரு வீட்டில் பெரியவர் ஒருவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். சுற்றிலும் பெண்கள் அழுதுகொண்டிருக்க, இவன் கால் பெருவிரலால் ஒரு டைலின் ஓரத்தை மெல்ல அழுத்திப் பார்த்தான். பக்கத்தில் நின்ற வினீத் அதைக் கண்டுவிட்டான். வினீத் பன்னிரண்டு வருஷமாக அவனோடு வேலைக்கு வருகிறவன். டைல் வெட்டுவது அவன் பொறுப்பு.

"அண்ணா, வேண்டாம். செத்த வீடாக்கும்."

"பொள்ளையா கெடக்கு வினீதே. அடியில கலவை பிடிக்கேல்ல."

"அவரு இனி அதுல நடக்கப் போறதில்லே. நிங்க சும்மா நில்லுங்க."

வெளியே வந்தபிறகு வினீத் அடக்கி வைத்திருந்த சிரிப்பைச் சிரித்தான். ஜெயச்சந்திரனுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தரையை வேறு யாரும் போடவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவனே போட்டது. பதினாறாம் நாள் அடியந்திரம் முடிந்த மறுநாள் அவன் சாமான்களோடு அந்த வீட்டுக்குப் போனான். கூலி வேண்டாம் என்று சொல்லி அந்த ஒரு டைலை மட்டும் மாற்றிக்கொடுத்தான். வீட்டுக்காரிக்கு எதற்கென்று விளங்கவில்லை. துக்கம் கேட்க வந்த ஆள் தரையை உடைக்கிறானே என்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பால் விடாத கட்டன்சாயா போட்டுக் கொடுத்தாள்.

ஜெயச்சந்திரனுக்கு இப்போது நாற்பத்தெட்டு வயது. பத்தொன்பதில் சிமெண்டு குழைக்கும் கையாளாக வேலைக்கு இறங்கினான். அப்போது பாறசாலைப் பக்கத்து வீடுகளில் காவித் தரைதான், கொஞ்சம் வசதி உள்ளவர்களுக்கு மொசைக். டைல் வந்தபோது ஊர்க் கொத்தனார்கள் அதையும் கண்மட்டத்தில் ஒட்டினார்கள். ஒரு மழைக்காலம் கழிந்ததும் ஒன்று எழும்பும், ஒன்று தாழும். சொல்லித்தர ஆள் இல்லை. திருவனந்தபுரத்தில் பிளாட் கட்டுகிற இடத்தில் ராஜஸ்தான்காரர்கள் டைல் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு அங்கே மண் சுமக்கப் போனான். அவர்கள் பேச்சு இவனுக்குப் புரியாது. கைகளைப் பார்த்தான். நூல் எங்கே கட்டுகிறார்கள், கலவையை எவ்வளவு வறட்சியாக வைக்கிறார்கள், ரப்பர் சுத்தியலால் எந்த மூலையில் முதலில் தட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்குப் பின்னால் உடைந்த டைல்களை வைத்துப் போடுவான், எடுப்பான், மறுபடி போடுவான். மூன்று வருஷம் அப்படிப் போயிற்று.

அதன்பிறகு நெய்யாற்றின்கரை தாலுக்காவில் அவனுக்கு வேலை இல்லாத மாதம் இருந்ததில்லை. கூடவே ஒரு பெயரும் வந்தது. "ஜெயன் வந்தா நல்லா வரும். ஆனா மூணு நாள் வேலை ஏழு நாளாவும்." ஒரு டைல் வைத்தால் ரசமட்டம் வைத்துப் பார்ப்பான். பிறகு குப்புறப் படுத்துக் கன்னத்தைத் தரையோடு ஒட்டி, ஒரு கண்ணை மூடி, விளிம்பு விளிம்பாகப் பார்ப்பான். மறுநாள் காலை ஒவ்வொன்றாகத் தட்டிச் சத்தம் கேட்பான். வீட்டுக்காரர்கள் வந்து, "அடிபொளி, கேட்டோ" என்பார்கள். அந்தப் பாராட்டு அவன் காதுவரை வந்து திரும்பிப் போய்விடும். அவர்கள் நிற்கும் இடத்திலிருந்து நாலாவது வரிசையில் ஒரு இடுக்கு மற்றதைவிட அகலம். அது அவனுக்கு மட்டும் தெரியும்.

வேலை முடிந்த அன்று மற்றவர்கள் கைகால் கழுவிக்கொண்டு போவார்கள். அவனுக்கு வேலை முடிவதில்லை, இடம் மட்டும் மாறும். பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதும், கோயிலில் கும்பிடும்போதும் எங்கோ ஒரு வீட்டுக் குளியலறையின் மூலையில் தண்ணீர் வடியாமல் நிற்கிறதோ என்று ஓடிக்கொண்டிருக்கும். இருபது வருஷத்துக்கும் மேலாகக் குந்தியிருந்து வலது முட்டு தேய்ந்துவிட்டது. இனிக் குந்தக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குந்தாமல் டைல் போடுவது எப்படி என்று அவரிடம் கேட்க நினைத்தான். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இப்படிப்பட்டவன் சொந்தமாக ஒரு வீடு கட்டினான். கொல்லயில் என்ற ஊரில் மனைவி பிரசீதாவின் பங்காக வந்த ஏழு சென்ட், சுற்றிலும் தென்னை. சுவர் எழும்பியது, கூரை வார்த்தது, பெயின்டு அடித்தது எல்லாம் ஒரு வருஷத்துக்குள். தரைக்கு மட்டும் இரண்டரை வருஷம் ஆயிற்று.

முதல் தரையில் நிறம் மாறியது. டைல்களை இரண்டு லோடாக எடுத்திருந்தான். ஒவ்வொரு பெட்டியிலும் அச்சடித்திருக்கும் ஷேட் நம்பரைப் பார்க்க வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு நடப்பவன், தன் வீட்டுக்கு வந்த இரண்டாவது லோடைப் பார்க்கவில்லை. அன்று வேறொரு வீட்டில் அவசர வேலை இருந்தது. கூடத்தின் பாதி பால் நிறம், மறுபாதி அதைவிட ஒரு பொடி மங்கல். பிரசீதாவுக்கும் மகள் சோனாவுக்கும் எவ்வளவு காட்டியும் தெரியவில்லை. முழுதும் எடுத்தான். இரண்டாவது தரையில் கிழக்குச் சுவரோரம் வெட்டிப் போட்ட துண்டுகள் ஒரு முனையில் நாலு விரல், மறுமுனையில் மூன்று விரல் என்று குறுகிக்கொண்டே போயின. அதையும் எடுத்தான். இரண்டு தடவை குடிபுகும் பாலுகாச்சுக்கு நாள் குறித்து, இரண்டு தடவையும் சொன்ன வீடுகளில் எல்லாம் போய் இல்லை என்று சொன்னவள் பிரசீதா.

மூன்றாவது தரை போட்டு முடிந்ததும் அவள் அவனிடம் கேட்காமலே நாள் பார்த்துவிட்டாள். வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு மேல். அவள் வேலை பார்க்கும் தனுவச்சபுரம் கல்லூரி கான்டீனில் இரண்டு நாள் லீவு சொன்னாள். நாற்பது வீடுகளில் அழைப்பும் சொன்னாள். வாடகை வீட்டுக்காரரின் மகன் வெளிநாட்டிலிருந்து குடும்பத்தோடு வருவதால் மாதக் கடைசிக்குள் வீட்டை ஒழித்துக்கொடுக்கவும் வேண்டியிருந்தது.

"இந்த வியாழன் நான் அங்க போறேன்," என்றாள். "நிங்களும் வந்தா ரெண்டு பேருமா பாலு காய்ச்சலாம். இல்லேன்னா நான் ஒத்தைக்குக் காய்ச்சுவேன்."

"வராம எங்க போவேன்?"

"அது எனக்குத் தெரியாது. போன தடவையும் இப்படித்தான் சொன்னிய."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் புதுவீட்டைக் கூட்டிக் கழுவப் போனான். கிழக்கு வாசலைத் திறந்தான். வெயில் சரிந்து வந்து கூடம் முழுக்கப் படுத்தது. அந்த நேரத்து வெயில் ஒன்றையும் மறைக்காது. வாசலுக்கு அருகே பதினோரு டைல்களின் விளிம்பில் நூல்போல நிழல் விழுந்திருந்தது. பக்கத்து டைலைவிட அவை ஒரு தாள் கனம் உயர்ந்து நின்றன. அவன் துடைப்பத்தைக் கீழே வைத்தான். குனிந்து விரலால் தடவினான். உண்டு. எட்டு மணிக்கு வெயில் ஏறியதும் நிழல் மறைந்தது. தரை கண்ணாடிபோலக் கிடந்தது. அவன் அங்கேயே நின்றான்.

அதே ஷேட்டில் மிச்சம் இருந்தது நாலு டைல். பதினொன்றில் மோசமான நாலை மட்டும் மாற்றினால் மதி, அது போதும் என்று கணக்குப் போட்டான். திங்கட்கிழமை வினீத்தைக் குளத்தூரில் வேலை நடந்துகொண்டிருந்த வீட்டுக்குத் தனியாக அனுப்பிவிட்டு, சுத்தியும் உளியுமாகக் கொல்லயிலுக்கு வந்தான். பிரசீதாவிடம் ஜன்னல் துடைக்கப் போவதாகச் சொன்னான்.

முதல் இரண்டும் துண்டுதுண்டாக, பக்கத்துக்குச் சேதமில்லாமல் வந்தன. மூன்றாவதில் முட்டு வலித்தது. எழும்பி நின்று, சுவரைப் பிடித்து நடந்து, மறுபடி குந்தினான். அன்றைக்கு மூன்றை எடுக்கத்தான் முடிந்தது.

சாயங்காலம் வாடகை வீட்டுக்கு வந்தபோது சோனா தரையில் உட்கார்ந்து நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக்கொண்டிருந்தாள். பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம். புதன்கிழமை ரெக்கார்டு நோட்டு கொடுக்க வேண்டும். ஏற்கெனவே கிழித்த தாள்கள் பக்கத்தில் கிடந்தன. அவள் கண் சிவந்திருந்தது.

"என்ன மக்கா?"

"படத்துல ஒரு கோடு மாறிப்போச்சு."

"அழிச்சா போராதா?"

"அழிச்சா தெரியும்ப்பா."

"யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே."

அடுக்களையிலிருந்து பிரசீதாவின் குரல் வந்தது. "மூணாவது வாட்டி எழுதுகா. மத்தியானம் கொண்டுபோன சோறு அப்படியே திரும்பி வந்திருக்கு. உங்க மோளாக்கும், வேற ஆரு?"

அவன் அந்தத் தாள்களில் ஒன்றை எடுத்துப் பார்த்தான். ஏதோ ஒரு செடியின் வேர், அழகாக வரைந்திருந்தது. எந்தக் கோடு மாறியது என்று அவனுக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை. அன்று ராத்திரி சாப்பிடும்போது அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தான். செவ்வாய்க்கிழமை காலையில் அவன் மறுபடி சுத்தியை எடுத்துக்கொண்டு கொல்லயிலுக்குப் போனான்.

நாலாவது டைல் வாசலுக்கு நேரே இருந்தது. உளி ஒரு பொடி சறுக்கியது. பக்கத்து டைலின் மூலை சில்லு பெயர்ந்தது. அதை அப்படியே விட முடியாது. அதையும் எடுத்தான். எடுக்கும்போது அதற்கு அடுத்தது குறுக்கே விண்டது, அதுவும் போயிற்று. கையை நிறுத்தி எண்ணினான். பள்ளம் ஆறு. டைல் நாலு.

நெய்யாற்றின்கரையில் டைல் எடுத்த கடைக்குப் போன் செய்தான்.

"அந்த ஷேட் இப்ப வாறதில்லே சேட்டா," என்றான் கடைக்காரன். "கம்பெனி நிறுத்திட்டு. புதுசு நல்லா உண்டு, ஒண்ணு வந்து பாருங்க."

நாலையும் ஒட்டினான். ஒட்டும்போதும் ரசமட்டம் வைத்துத்தான் ஒட்டினான். அவை ஒழுங்காக உட்கார்ந்தன. வாசலுக்கு நேரே, உள்ளே வருகிறவன் முதல் காலை வைக்கிற இடத்தில், இரண்டு பள்ளங்கள் பக்கம் பக்கமாக வாயைத் திறந்து கிடந்தன. அவன் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்தான். கோபம் வரும் என்று நினைத்தான், வரவில்லை. கையைத் தூக்க மனமில்லாத ஒரு தளர்ச்சிதான் வந்தது.

நாலரை மணிக்குப் பிரசீதா வந்தாள். பால் காய்ச்சப் புதுப்பானையும், கோலப்பொடியும், ஒரு கட்டுத் துடைப்பமும் கையில் இருந்தன. வாசலில் நின்றவள் உள்ளே கால் வைக்கவில்லை.

"இது என்னது?"

அவன் சொன்னான். வெயில், நிழல், தாள் கனம், சறுக்கிய உளி, கடைக்காரன் எல்லாம் சொன்னான். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"ஒரு மாசம் தா," என்றான். "ஒரே ஒரு மாசம். கூடம் முழுக்க, ஒக்க எடுத்துட்டு, புது ஷேட்டுல..."

"ஆரு எடுக்கது?"

"நான்தான்."

"நேத்து கக்கூசுல இருந்து எழும்ப என்னைக் கூப்பிட்டிய. கூடத்தை ஒக்க எடுக்கப் போறாராம்."

"பிரசீதா, நான் டைல்காரன். நாளைக்கு நாலு பேரு இதைப் பாத்தா..."

"நாலு பேரில்லே, நாப்பது வீடு. ஒவ்வொரு வீட்டு நடையிலயும் ரெண்டு தடவை போய் நின்னு இல்லேன்னு சொன்னது நானாக்கும். நிங்க இல்லே. மூணாவது தடவை போக எனக்கு மூஞ்சியில தொலி இல்லே." அவள் குரல் உயரவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. "ரெண்டரை வருஷமா அந்த ஒழுகுற வீட்டுல பாத்திரம் வச்சு மழைத்தண்ணி பிடிக்கேன். ஒருநாளாவது ஏதாவது சொன்னேனா? இப்பச் சொல்லுகேன். மதி."

அவள் பானையை ஜன்னல் திட்டில் வைத்தாள். பின்பக்கம் போனாள். பாதி மிச்சமிருந்த சிமெண்டு மூட்டையை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு மண்ணைச் சலிக்கும் சத்தம்.

கல்யாணத்துக்கு முன் பிரசீதாவும் கையாள்தான். ஒரு பள்ளிக்கூடக் கட்டட வேலையில் அவள் கலவைச் சட்டி தூக்கி வர, அவன் வாங்கி வைக்க, அங்கேதான் பழக்கம். கல்யாணத்துக்குப்பின் அவளை அந்த வேலைக்கு அவன் விட்டதில்லை. இருபத்தொரு வருஷம் கழித்து அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சட்டியில் கலவையோடு உள்ளே வந்தாள்.

"வேண்டாம். நிறம் சேராது," என்றான்.

"சேர வேண்டாம்."

"வெள்ளைச் சிமெண்டாவது வாங்கிட்டு வாறேன்."

"இருந்த எடத்துல இருங்க."

பள்ளத்தில் தண்ணீர் தெளித்தாள். கலவையைக் கொட்டினாள். கொத்துக் கரண்டியால் இழுத்தாள். தண்ணீர் கூடுதல் என்று அவனுக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. மூலையில் கலவை அமரவில்லை. நடுவில் மேடு. கரண்டியை அவள் பிடித்த விதமும் தப்பு. கையாளுக்குக் கரண்டி பிடிக்க யாரும் சொல்லித் தருவதில்லை. அவன் கை தானாக நீண்டது.

அப்போதுதான் சோனாவும் கல்லூரி பஸ்ஸில் வந்து இறங்கி வாசலில் நிற்பதைக் கண்டான். தோளில் பை, கையில் ரெக்கார்டு நோட்டு. அவள் பள்ளங்களைப் பார்க்கவில்லை, அம்மையையும் பார்க்கவில்லை. நீண்டிருந்த அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அடுத்து என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பிறந்ததிலிருந்து பார்க்கிறாள்.

ஜெயச்சந்திரன் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான். லேசான காரியமாக இல்லை. பிரசீதா இரண்டாவது பள்ளத்தையும் நிரப்பி முடிக்கும்வரை மேட்டையும் மூலையையும் பார்த்துக்கொண்டே இருந்தான். இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினான்.

"தொடண்டாம்," என்றாள் பிரசீதா, கரண்டியைக் கழுவப் போகும்போது. "ஆரும் தொடண்டாம்."

"நாளைக்கு நோட்டு கொடுக்கணும்," என்றாள் சோனா, பொதுவாக. "இன்னும் ரெண்டு படம் மோசமாட்டு இருக்கு."

"திருப்பி எழுதப் போறியா மக்கா?" என்றான் அவன்.

அவள் யோசித்தாள். "தெரியல்லப்பா. கை வலிக்கு."

"கை வலிச்சா வேண்டாம்," என்றான். அது போதாது என்று அவனுக்கே தோன்றியது.

வியாழக்கிழமை ஏழேகாலுக்குப் பால் பொங்கியது. பானையின் வடக்குப் பக்கமாக வழிந்தது, நல்லது என்றார்கள். வந்தவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றி, வலது காலை எடுத்து உள்ளே வைக்கும்போது சாம்பல் நிறத்தில் இரண்டு சதுரங்களைப் பார்த்தார்கள். மிதிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கவட்டை அகட்டித் தாண்டினார்கள். ஜெயச்சந்திரன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து சதுரங்களின் மேல் போட்டான். பிரசீதா அதை எடுத்துச் சுவரோரம் போட்டாள். சற்று நேரம் கழித்து அவன் மறுபடி போட்டான். அவள் மறுபடி எடுத்தாள். அவனைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

வினீத் வந்து குனிந்து பார்த்தான். "அண்ணா, இது புது டிசைனா? குளத்தூர் வேலையிலயும் இப்படி ரெண்டு விடணுமா?"

"போலே அங்க."

"இல்ல, அளவு சொன்னா நல்லதாக்கும்."

பிரசீதாவின் பெரியப்பா ஒருவர், "டைல்காரன் வீட்டுல டைல் தெகயல்ல போல," என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். சிரித்தார்கள். ஜெயச்சந்திரனின் காது சுட்டது. இதற்குத்தான் இரண்டரை வருஷம் பயந்துகொண்டிருந்தான். ஒரு நிமிஷம் சிரித்தார்கள். பிறகு இட்டலிக்குச் சாம்பார் வரவில்லை என்று பேச்சு மாறிவிட்டது. அதுவும் அவனுக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. இவ்வளவுதானா என்று யாரிடமோ கேட்க வேண்டும்போல.

பதினொன்றரைக்குள் எல்லோரும் போய்விட்டார்கள். சோனா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நோட்டைப் புதன்கிழமையே கொடுத்துவிட்டாள். திருப்பி எழுதினாளா இல்லையா என்று அவன் கேட்கவில்லை. பிரசீதா கூடத்தின் நடுவில் வெறும் தரையில் முந்தானையை விரித்துப் படுத்துக் கண்ணை மூடியிருந்தாள்.

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல வாசலருகே உட்கார்ந்தான். சிமெண்டில் உள்ளங்கையை வைத்துத் தடவினான். நடுவில் மேடு, நினைத்ததைவிடக் கூடுதல்.

"கால் இஞ்ச் எழும்பி நிக்கு," என்றான்.

"தெரியும்," என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல்.

"மூலையில ஒரு சில்லு போவும். ரெண்டு மாசம் தாங்காது."

"போவட்டும்."

ஓரத்தில் மயிரிழைபோல ஒரு விரிசல் தொடங்கியிருந்தது. சிமெண்டு வெளுத்து உலர்ந்து கிடந்தது. போட்டதிலிருந்து யாரும் நனைக்கவில்லை. ஆரும் தொடண்டாம் என்று அவள் சொன்னதால் அவன் நனைக்கவும் இல்லை. எப்படிப் போட்டிருந்தாலும் சிமெண்டுக்கு ஒரு வாரம் தண்ணீர் காட்ட வேண்டும்.

எழும்ப முட்டு விடவில்லை. "மக்கா, ஒரு கப்பு வெள்ளம் கொண்டா," என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டான். சோனா கொண்டுவந்து கொடுத்தாள். அவன் வாங்கி, அந்த மேட்டின் மேலும் பள்ளத்தின் மேலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான். தண்ணீர் ஒரு பக்கமாக ஓடி ஒரு மூலையில் தேங்கியது. அவன் அதைக் கையால் இழுத்து உலர்ந்திருந்த பக்கத்துக்கு விட்டான்.